பசியற்ற நாடும் அறமும்: சாத்தனாரும் கம்பரும் கண்ட நன்னாடுகள்

முன்னுரை

இல்லாத நாடொன்றை உள்ளதுபோற் படைத்துக்காட்டி, அதன் வாயிலாக உள்ள நாட்டின் நிறைகுறைகளை ஆராய்தல் இலக்கியத்தின் தொன்மையான தொழில்களுள் ஒன்றாகும். மேனாட்டார் இதனைத் தனியோர் இலக்கிய வகையாகவே கொண்டு போற்றுவர். தாமசு மோர் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1516-இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட 'உட்டோப்பியா' என்னும் நூலின் பெயரே பின்னர் அவ்வகை முழுமைக்கும் பெயராயிற்று. கிரேக்கச் சொற்களால் ஆகிய அப்பெயர்க்கு 'இல்லாத இடம்' என்பது பொருள். இருபதாம் நூற்றாண்டில் இவ்வகை அறிவியற் புனைகதையோடு கலந்து பெருகிற்று. இத்தகைய நூல்களில், படைக்கப்பட்ட நாடு எத்துணைச் சிறந்தது என்பதனினும், அச்சிறப்பின் நடுவே வாழும் மாந்தர்க்கு எத்தகைய அறச்சிக்கல் நேர்கின்றது என்பதே ஆராய்வார் கருத்தை ஈர்ப்பதாகும்.

தமிழில் இவ்வகை இல்லை என்றும், உளதாயினும் அண்மைக்காலத்து வரவே என்றும் கருதுவார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. காவிரி பாயும் சோழநாட்டைக் களமாகக் கொண்ட மணிமேகலையும், அந்நாட்டுத் தேரழுந்தூரிற் பிறந்த கம்பரின் இராமகாதையும் இவ்வகைக்குரிய வினாவொன்றை மிகக் கூர்மையாக எழுப்பியுள்ளன. யாவரும் யாவும் பெற்று வாழும் நாட்டில் ஈகைக்கு இடம் உண்டா? இல்லையெனின், அந்நாட்டை அறமுடைய நாடு என்று கூறலாமா? இவ்வினாவைச் சாத்தனார் பழிப்புரையாகவும், கம்பர் புகழுரையாகவும் எழுப்புகின்றனர். இருவரும் தாம் படைத்த நன்னாட்டுக்கு எதிரான சான்றினைத் தம் காப்பியத்தினுள்ளேயே வைத்துச் சென்றனர் என்பதும், அச்சான்றினைப் புறக்கணித்து அந்நாட்டு வருணனையை மட்டும் எடுத்துப் போற்றுதல் பிழையாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆபுத்திரனும் அமுதசுரபியும்

மணிமேகலையின் ஆசிரியர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் எனப் பெறுகின்றார். கூலம் என்பது நெல் முதலிய தானியங்களைக் குறிக்கும். எடுக்க எடுக்கக் குறையாத உணவுப் பாத்திரத்தைக் காப்பியத்தின் நடுப்பொருளாக வைத்தவர், தானியம் நிறுத்தும் அளந்தும் விற்ற ஒருவர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது. நெல் குறையும்போது ஊரில் என்ன நேரும் என்பதனை அவ்வணிகரினும் நன்கறிந்தார் யாவர்?

அப்பாத்திரத்தின் வரலாறு 'பாத்திர மரபு கூறிய காதை'யில் சொல்லப்படுகின்றது. ஈன்றவளாற் கைவிடப்பட்டு, ஆவொன்று பாலூட்ட உயிர்பிழைத்தவன் ஆபுத்திரன். வேள்விக்கெனக் கட்டப்பட்ட ஆவினை விடுவித்தமையால் ஊரினின்றும் துரத்தப்பட்டுத் தென்மதுரை வந்து சேர்கின்றான். அங்குச் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் பிச்சை ஏற்று, குருடர் செவிடர் முடவர் பிணியாளர் ஆகியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டினையே தலைக்கு அணையாகக் கொண்டு உறங்குகின்றான். இந்நிலையில் உள்ளவனைச் சாத்தனார் 'காவலன்' என்னும் சொல்லாற் சுட்டுகின்றார். பிச்சை ஏற்பவனைக் காவலன் என்றது வெற்றுப் புகழ்ச்சியன்று. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

மழையிருளில் ஓர் இரவு பசித்தோர் சிலர் வந்து அவன் அடி தொழுது உணவு வேண்ட, கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்துகின்றான். அப்பொழுது சிந்தாதேவி தோன்றி அமுதசுரபியை அளிக்கின்றாள். நாடே வறண்டாலும் அப்பாத்திரம் வறளாது. அன்று முதல் அவன் அம்பலம் உண்போர் ஓசையால் நிறைகின்றது. அவ்வாறு அறம் பெருகவே விண்ணில் இந்திரனின் இருக்கை நடுங்குகின்றது. இந்திரன் முதிய அந்தணன் வடிவில் வந்து, 'நின் கொடையின் பயனை யான் தருவேன், கொள்க' என்கின்றான். ஆபுத்திரன் வயிறு குலுங்க நகைக்கின்றான்.

அந்நகைப்பும் அதனைத் தொடரும் மறுமொழியும் இவண் ஊன்றி நோக்கற்பாலன. தேவருலகில் முன்செய்த நல்வினையின் பயனை நுகர்வோர் உளரே ஒழிய, அறம் செய்வோரும், துயருற்றோரைப் பாதுகாப்போரும், தவம் முயல்வோரும் இலர் என்றும், அத்தகைய நாட்டின் தலைவன் தனக்குத் தரத்தக்கது ஒன்றுமில்லை என்றும் அவன் கூறுகின்றான். துறக்கம் என்பது எல்லாச் சமயத்தாரும் கண்ட கனவு நாடு. அக்கனவு நாட்டின் மீது தமிழில் எழுந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டுகளுள் இஃது ஒன்று என யாம் கருதுகின்றோம். குறையொன்றும் இல்லாத உலகில் அறத்துக்கு வேலையில்லை; ஆதலின் அவ்வுலகம் விரும்பத்தக்கதன்று என்பது ஆபுத்திரன் வாதமாகும்.

இந்திரன் பெய்வித்த மழை

இவ்வாதத்துக்கு இந்திரன் சொல்லால் விடையிறுக்கவில்லை. மழையால் விடையிறுக்கின்றான். பன்னீராண்டு மழையற்றிருந்த பாண்டிநாட்டில் மழை பொழிகின்றது, நிலம் கொழிக்கின்றது, உயிர்கள் பசியென்பதை அறியாவாகின்றன. பசித்தோர் நிறைந்திருந்த அம்பலத்தில் இப்பொழுது தூர்த்தரும், சூதாடுவோரும், வீண்கதை பேசுவோரும் வந்து கூடுகின்றனர். ஆபுத்திரன் ஊர்தோறும் சென்று 'உண்போர் உளரோ' என வினவ, 'யார் இவன்' என யாவரும் இகழ்கின்றனர்.

இப்பகுதியைக் கற்பிக்குங்கால் இந்திரனின் பொறாமையைப் பழித்தும் ஆபுத்திரனின் அருளைப் புகழ்ந்தும் கூறி அமைதல் வழக்கம். அதனால் சிக்கல் தீர்வதில்லை. இந்திரன் செய்தது யாது? பன்னீராண்டு வறண்ட நாட்டுக்கு மழை தந்தான். அவன் கருத்து தீயதாயினும் செயல் நல்லது. ஆபுத்திரனின் கருத்து நல்லது. எனினும் நாடு செழித்தபின் அவன் உள்ளம் வெறுமை எய்துகின்றது. பொறாமையால் விளைந்த நன்மையும், அருளால் விளைந்த வெறுமையும் எதிரெதிர் நிற்கின்றன. பிறர் பசி தீர்வதனை விரும்புகின்றவன், அப்பசி தன் கையாலன்றித் தீருங்கால் மகிழ்வானா, வருந்துவானா? கொடுப்பவன் தன் கொடையை விரும்புகின்றானா, கொள்பவன் நலத்தை விரும்புகின்றானா? ஈகையை வாழ்க்கையாகக் கொண்ட எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

ஆபுத்திரன் மழையைப் பழிக்கவில்லை என்பதை இவண் மறத்தலாகாது. சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என வணிகர் கூறக் கேட்டு அவன் கலம் ஏறுகின்றான். காற்றின் மிகுதியால் கலம் மணிபல்லவத்தில் தங்குகின்றது. அவன் இறங்கியதை அறியாது இரவில் கலம் சென்றுவிடுகின்றது. ஆளற்ற தீவில், குறையாத உணவுப் பாத்திரம் கையிலிருக்க, அவன் தனியனாகின்றான். பலரை ஓம்பிய பாத்திரத்தைக் கொண்டு தன்னொருவன் வயிற்றை மட்டும் நிரப்ப அவன் மனம் ஒருப்படவில்லை. ஆண்டுக்கொருமுறை தோன்றுக எனவும், அருளறம் பூண்டோர் கையிற் சேர்க எனவும் கூறிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாநோன்பால் உயிர்விடுகின்றான்.

தீவதிலகையின் குற்றச்சாட்டு

காப்பியம் இவ்விடத்தே முடிந்திருப்பின், ஆபுத்திரனைத் தூய ஈகையின் உருவமாகக் கொண்டு நாம் அமைதி பெறலாம். சாத்தனார் நம்மை அங்ஙனம் விடவில்லை. ஆபுத்திரன் சாவக நாட்டிற் புண்ணியராசனாக மறுபிறப்பு எய்துகின்றான். அவன் பிறந்த நாள் தொட்டு அந்நாட்டில் மழை பிழைத்ததில்லை. மண்ணும் மரமும் வளம் சுரக்கின்றன. உயிர்களை வருத்தும் நோய் இல்லை. முற்பிறப்பில் மழையால் தோல்வியுற்றவன் மறுபிறப்பில் மழைக்கே காரணமாகின்றான். பசித்தோரைத் தேடி ஊரூராக அலைந்தவனுடைய நாட்டில், தேடினும் பசித்தோர் கிடையார். பிச்சையேற்ற நாளில் அவனைக் காவலன் என்று சாத்தனார் சுட்டியதன் பொருள் இப்பொழுது விளங்கும்.

இதனினும் வியக்கத்தக்கது அடுத்து நிகழ்வதாகும். மணிமேகலை உணர்த்தியவாறு மணிபல்லவம் வந்த புண்ணியராசன், மணல் மூடிக் கிடந்த தன் பழைய உடம்பின் என்பினைக் காண்கின்றான். அதனருகே வேறு சிலருடைய என்புகளும் உள்ளன. அவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தமை கண்டு தாமும் உயிர்நீத்த வணிகர் ஒன்பதின்மருடைய என்புகள் அவை. தீவின் தெய்வமாகிய தீவதிலகை அரசனைப் புகழவில்லை. நின் உயிரை நீயே கொன்றாய், நினக்கு இரங்கி வந்த பிறர் உயிரையும் கொன்றாய், கொலைவனாகிய நீயோ இன்று கொற்றவனாயினை எனும் கருத்துப்பட அவள் உரைக்கின்றாள்.

ஆபுத்திரன் கதையின் திறவுகோல் இதுவே என்பது எம் துணிபு. குறையாத உணவின் அருகே பட்டினி கிடந்து மாய்ந்த அச்செயலைக் காப்பியம் தியாகம் என்று மட்டும் கொள்ளவில்லை. கொலை என்றும் கொள்கின்றது. பிறர் பசியையே தன் அறத்தின் இடமாகக் கொண்டவன், அப்பசி இல்லாதவிடத்துத் தான் வாழவும் காரணம் காணாதவனாயினான். அவ்வறத்தில் தன்முனைப்பின் சாயல் உளது என்பதனைத் தீவதிலகை வாயிலாகச் சாத்தனார் சுட்டுகின்றார்.

அவ்வாறாயின் தீர்வு யாது? உண்மையறிந்த புண்ணியராசன் துறவு பூண விழைகின்றான். மணிமேகலை அதற்கு இசையவில்லை. அரசன் நீங்கின் நாடு அழும் என்று கூறி, அறம் என்பது எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறையுளும் அளித்தலே என அவள் வரையறுக்கின்றாள். துறவியாகிய அவள் அரசனைத் துறவாமல் தடுப்பது நோக்கத்தக்கது. புகார் நகரில் அவள் செய்ததும் இதனோடு ஒத்தது. சிறைக்கோட்டம் புகுந்து அங்குப் பசித்திருந்தோரை உண்பித்த அவள், அரசன் நீ விரும்புவது யாது என வினவியபோது தனக்கென ஒன்றும் வேண்டாது, அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு வேண்டிப் பெற்றாள். இரண்டிடத்தும் ஈகை, தனியொருவர் கைப்பாத்திரத்தினின்றும் நீங்கி நாட்டின் முறையாக மாறுகின்றது. உணவு ஒருவர் அருளாற் கிடைப்பதாக இருக்கும் வரையில் கொடுப்போனும் கொள்வோனும் வேறு வேறு. அஃது ஆட்சியின் கடனாகுங்கால் அவ்வேறுபாடு தேய்கின்றது. அமுதசுரபி தேவையற்றுப் போதலே அமுதசுரபியின் வெற்றி என்பது சாத்தனார் கண்ட முடிபாகும்.

ஆயினும் சாத்தனார் தம் நன்னாட்டுக்கு நிலைபேறு கூறினாரல்லர். அதே தீவில், அதே தீவதிலகை வாயிலாகவே, காவிரிப்பூம்பட்டினம் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கேட்கின்றாள். சிறையை அறக்கோட்டமாக்கிய நகரமும் அழியும். அறம் செய்தமைக்கு நகரம் நிலைபெறுதல் கூலியன்று.

கோசலத்தின் 'இல்லை'கள்

இனிக் கம்பரைக் காண்போம். அவர் காலம் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பாரும் உளர். எக்காலத்தவராயினும், அவர் பாடிய கோசலம் காவிரி நாட்டின் நிழலென்பதில் ஐயமில்லை. இராமனை அழைத்துவரப் பரதன் கோசலத்தின் எல்லை நீங்கிக் கங்கையை அடையுமிடத்துக் கம்பரே அந்நாட்டினைக் காவிரி நாட்டோடு உவமிக்கின்றார்.

நாட்டுப்படலத்திலும் நகரப்படலத்திலும் அந்நாட்டின் சிறப்பினைக் கம்பர் ஒரு புதிய முறையால் உரைக்கின்றார். உள்ளன இவை என அடுக்குவதனோடு அமையாது, இல்லாதன இவை என அடுக்குகின்றார். வறுமை இன்மையால் அங்கு வள்ளன்மை தோன்ற வாய்ப்பில்லை. பொய் பேசுவார் இன்மையால் மெய்ம்மைக்குத் தனிச்சிறப்பில்லை. பகைவர் இன்மையால் வலிமை புலப்படவில்லை. திருடர் இன்மையால் காவல் இல்லை. பெறுவார் இன்மையால் தருவார் இல்லை. எல்லோரும் எல்லாச் செல்வமும் பெற்றமையால் உடையார், இல்லார் என்னும் பிரிவே அற்றுப்போயிற்று.

ஆபுத்திரன் இந்திரனை நோக்கிக் கூறியதனையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குக. இரண்டும் ஒரே கூற்று. குறையில்லாவிடத்து அறத்துக்கு இடமில்லை என்பதே இரண்டிடத்தும் பொருள். சாத்தனார் கதையில் அது தேவருலகின் இழிவு. கம்பர் பாட்டில் அது மண்ணுலகின் பெருமை. சாத்தனார் கதை முடிந்தவிடத்திலிருந்து, அஃதாவது ஈகை முறையாக மாறி, ஈவோன் மறைந்த நாட்டிலிருந்து, கம்பர் கதை தொடங்குகின்றது என்று கூறுதல் பொருந்தும்.

கம்பரின் 'இல்லை' என்னும் சொல் இருமுனை கொண்டது. கோசலத்தில் இல்லாதன எனப் பட்டியலிடப் பெற்றவை யாவும் அதனைக் கேட்போர் நாட்டில் உள்ளனவே. வறியோரை அறியாத ஒருவன் 'வறியோர் இல்லை' என்பதனைச் சிறப்பாகக் கருதான். ஆதலின் அவ்வொவ்வொரு மறுப்பும் தன்னைச் சூழ்ந்த நாட்டினைப் பற்றிக் கவிஞர் தரும் ஒப்புதல் வாக்குமூலமாகும்.

உழைப்பினைக் குறித்த காட்சியும் இவ்வாறே நோக்கத்தக்கது. நாட்டுப்படலத்தில் களையெடுக்கும் மள்ளர் வயலில் நிற்கின்றனர். ஆனால் அங்குக் களையாக முளைத்த தாமரையும் குவளையும் தம் பெண்டிரின் முகமும் கண்ணும் போலத் தோன்றுதலால் அவற்றைப் பறியாது உலவுகின்றனர். கற்பனை மிக இனியது. எனினும் களையெடுப்பு நிகழ வேண்டிய வயலில் களை எடுக்கப்படவில்லை. காவிரிப் படுகையில் நாற்றுப்பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றில் குனிந்த முதுகுகளை அறிந்தோர்க்கு, உழைப்பின் வருத்தம் இக்காட்சியினின்றும் எத்துணை மென்மையாக நீக்கப்பட்டுள்ளது என்பது புலனாகும். கனவு நாடு படைப்போர் யாவர்க்கும் உழைப்பே இடர்தரும் இடமாகும். மோர் படைத்த தீவில் பொருள் யாவும் பொதுவாயினும், இழிதொழிலுக்கு அங்கும் அடிமைகள் உளர். அவர் அடிமைகளை வைத்தார். கம்பர் வேலையை நிறுத்திவைத்தார்.

கூனியும் கோமகனும்

கம்பர் இப்புகழுரையோடு நின்றாரல்லர் என்பதே எம் கருத்துக்கு வலிவூட்டுவது. பெறுவார் இல்லை எனப் பாடப்பட்ட அதே நகரில், முன்னரே ஈந்த வரங்களை இப்பொழுது தருக எனக் கேட்கும் ஒருத்தி தோன்றுகின்றாள். கொடுத்த தயரதன் உயிர் இழக்கின்றான். மெய்ம்மை புலப்படவில்லை என்ற நாட்டில், மெய்ம்மை ஓர் அரசனின் சாவினாற் புலப்படுகின்றது. வள்ளன்மையோ அந்நகரில் காணப்படவில்லை. கங்கைக்கரையில் தேனும் மீனும் ஏந்திவந்து நிற்கும் குகனிடத்துக் காணப்படுகின்றது. கோசலத்தில் மறைந்திருந்த அறங்கள் யாவும் கோசலத்தை விட்டு நீங்கியபின்னரே வெளிப்படுகின்றன. காப்பியம் நடத்தற்கு நாயகன் நன்னாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அவ்வெளியேற்றத்துக்குக் காரணமானவள் மந்தரை. கைகேயியின் சேடியாகிய அவளைக் கொடியவள் என உரைத்து மேற்செல்லுதல் எளிது. கம்பர் அவள் உள்ளத்தில் ஒரு பழம்புண்ணை வைத்துள்ளார். இளமையில் இராமன் விளையாட்டாக வில்லினின்றும் எறிந்த உருண்டை தன்மேற் பட்டதனை அவள் மறவாதிருக்கின்றாள். எல்லோரும் எல்லாம் பெற்ற நகரில், உடற்குறையுடைய பணிப்பெண்ணொருத்தியின் முதுகு அரசிளங்குமரனின் விளையாட்டுக்கு இலக்காயிற்று. அதனை நகரம் ஒரு குறையாக எண்ணவில்லை. ஆதலாலேயே நகரப்படலத்தின் 'இல்லை'களுள் அது சேரவில்லை.

இராமனே பின்னர் இதனை ஒப்புக்கொள்கின்றான். கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசியல் அறிவுறுத்துங்கால், சிறியர் என்று எவரையும் இகழ்ந்து துன்புறுத்தலாகாது என்றும், தான் அந்நெறி பிழைத்துக் கூனிக்குச் செய்த தீமையாலேயே துயர்க்கடலில் வீழ்ந்ததாகவும் கூறுகின்றான். வனத்தில் நின்றுகொண்டு தன் நாட்டின் குறையைத் தானே எடுத்துரைக்கும் இவ்விடம், பாலகாண்டத்துப் புகழுரைக்கு எழுதப்பட்ட திருத்தமாகும். மணிமேகலையில் தீவதிலகை செய்த பணியை இராமகாதையில் இராமனே செய்கின்றான்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973-இல் வெளியிட்ட சிறுகதையொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதில் வரும் ஓமெலாசு என்னும் நகரம் இன்பமே உருவானது. ஆனால் அவ்வின்பம் முழுவதும், நிலவறையில் அடைக்கப்பட்ட ஒரு குழந்தையின் துன்பத்தைச் சார்ந்து நிற்கின்றது. இதனை அறிந்தோர் பலர் மனந்தேறி நகரிலேயே வாழ்கின்றனர். சிலர் மட்டும் வாய்பேசாது நகரைவிட்டு நீங்குகின்றனர். அக்கதையில் துன்புறும் குழந்தை செயலற்றது. சிக்கல் யாவும் இன்புறுவோரின் மனச்சான்றுக்கே உரியது. கம்பரிலோ புறக்கணிக்கப்பட்டவள் செயல்படுகின்றாள். நகரை விட்டு நீங்குபவனும், மனமறிந்து நீங்கும் மனச்சான்றாளன் அல்லன்; அவளாலேயே வெளியேற்றப்பட்டு, தொலைவு சென்றபின் தன் பிழையை உணர்பவன். கம்பர் கொடுத்த விடை கடுமையானது. தன் சிறுமையை நன்னாடு தானே உணராதாயின், அச்சிறுமைக்கு ஆளானோர் அதனை உணர்த்துவர்.

திருப்பாம்புரத்துக் கல்வெட்டு

இக்காப்பியப் பகுதிகளைச் சோழநாட்டின் உண்மை வரலாறாகவே கொண்டு, வறியோர் இல்லாத பொற்காலம் ஒன்று காவிரிக்கரையில் நிலவிற்று எனக் கூறுவார் கூற்றினை ஆராய்தல் இனி நம் கடனாகும். நாட்டுப்படலம் வரலாறாயின் கல்வெட்டும் அதனையே கூறுதல் வேண்டும்.

இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியின் 23-ஆம் ஆண்டினதாக, கி.பி. 1201 அளவில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று உண்டு. பஞ்சத்தால் நெல்விலை மிக ஏறிய அக்காலத்து, வேளாளன் ஒருவன் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தியை அது கூறுகின்றது. தேரழுந்தூரிலிருந்து திருப்பாம்புரம் ஒரு நாள் நடைக்குள் அமைவது. கம்பரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் எனக் கொள்ளின், அவர் பாட்டும் அக்கல்வெட்டும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள், ஒரே நீரால் விளைந்த ஒரே வயல்வெளியின் நடுவே எழுந்தனவாகும். முற்காலத்தவர் எனக் கொள்ளினும், நன்னாட்டுப் பாடல் வழங்கிய நிலத்திலேயே தந்தையும் மகளிரும் விலைப்பட்டனர் என்பது மாறாது.

இதனால் கம்பர் பொய்த்தார் ஆகார். பாடலையும் கல்லையும் ஒருங்கே படித்தல் வேண்டும் என்பதே யாம் கூறுவது. உடையார் இல்லார் என்னும் பிரிவு அற்ற நகரம் ஒன்று கற்பனையில் இருந்தமையால்தான், தன்னை விற்றுக்கொண்ட தந்தையின் நிலை இயற்கையன்று, பிழை என்று நாம் கூற இயல்கின்றது. கனவு நாட்டினை அளவுகோலாகக் கொள்ளலாம், சான்றிதழாகக் கொள்ளலாகாது.

இவ்வேறுபாடு பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. தமிழகத்தின் நெற்களஞ்சியம் எனப் புகழப்பெற்ற இப்படுகையில், பண்ணையாட்களின் கூலிக்கும் வேலைக்கும் ஓரளவேனும் காப்பளிக்கும் தனிச்சட்டம் 1952-இல்தான் வந்தது. அதன்பின்னும் 1968 டிசம்பர் 25 இரவு, நாகைப் பகுதியின் கீழ்வெண்மணியில், நெற்கூலி உயர்வு கேட்டு எழுந்த பூசலின் விளைவாக, பட்டியல் வகுப்பு உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரியுண்டு மாண்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். அக்கொடுமையினை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' என்னும் புதினம் 1977-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. அந்நாவலும் நாட்டுப்படலமும் ஒரே மருதநிலத்தைப் பாடுவன. ஒன்றைக் கற்பிக்குங்கால் மற்றொன்றை மறைத்தல், களை எடுக்கப்படாத வயலைக் காட்டி அறுவடைக் கணக்குக் கூறுவதனோடு ஒக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. குறையற்ற நாட்டில் அறத்துக்கு இடம் உண்டா என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. சாத்தனார் அதனை ஆபுத்திரன் நகைப்பாலும், கம்பர் கோசலத்தின் 'இல்லை'களாலும் எழுப்பினர். சாத்தனார் கண்ட விடை, ஈகை தன்னை அழித்துக்கொண்டு முறையாக மாறுதல் வேண்டும் என்பது. பசித்தோர் இல்லாமை கண்டு வருந்தும் அறம், பசியைத் தனக்கு உணவாகக் கொண்ட அறமாகும். கம்பர் கண்ட விடை, முறை எத்துணை நிறைவுடையதாயினும் அதன் கணக்கில் வாராத ஒருவர் உளராயின், அவரிடத்தினின்றே அம்முறையின் சோதனை தொடங்கும் என்பது. ஒன்று கொடுப்போனை நோக்கியது. மற்றொன்று நாட்டினை நோக்கியது. இரண்டும் சேர்ந்தே முழு விடையாகும்.

இருபெருங் கவிஞரும் தம் நன்னாட்டினைப் படைத்ததோடு அமையாது, அதனைக் குற்றங்கூறும் சான்றாளர் ஒருவரையும் உடன் படைத்தனர். ஒருவர் படைத்த சான்றாளி ஆளற்ற தீவின் தெய்வம். மற்றவர் படைத்த சான்றாளன் நாடிழந்து வனத்தில் நிற்கும் நாயகன். இருவரும் நன்னாட்டுக்கு வெளியே நின்று பேசுகின்றனர் என்பது கருதத்தக்கது. அவ்விருவர் குரலோடு, திருப்பாம்புரத்துக் கல்லில் 110 காசுக்குத் தம்மை எழுதிக்கொடுத்த மூவரின் மௌனத்தையும் சேர்த்துக் கேட்டபின்னரே, காவிரி நாட்டு வளம் பாடும் செய்யுளை மாணாக்கர்க்கு நாம் விளக்கப் புகுதல் முறையாகும்.